ஸ்கந்தபுரச் சந்தியில் ஓர் இடம்

போன மாதம் தினேஷ் தொலைபேசியில் கேட்டான். "அக்கா, வாடிக்கையாளர் நெடுகத் தேவையை மாத்திக்கொண்டே இருப்பினம். நீங்கள் அதை எப்பிடிச் சமாளிச்சனீங்கள்? புதுசா வந்த பிள்ளையளுக்கு ஒரு பக்கத்திலை எழுதித் தாங்கோவன்."

கிளிநொச்சியில் நான் வேலை பார்த்த மென்பொருள் அலுவலகத்தில் அவன் இப்போது குழுத் தலைவன். தேவை மாறிவிட்டது என்று நான் போய்ச் சொன்ன நாட்களில், கணினியை விட்டு எழும்பி வாசலில் நின்று ஆகாயத்தைப் பார்த்துத் திட்டியவனும் அவன்தான். அந்த வாயிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத இருந்தபோதுதான், ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற மாதிரி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது விளங்கியது. ஒரு வானும், அதில் ஓர் இடமும், அந்த இடத்துக்குரிய ஒரு மனிதருமே திரும்பத் திரும்ப நினைவில் வருகின்றன. அதையே எழுதுகிறேன். தினேஷ் வேண்டியதை வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

நான் கொக்கிளாய்க்காரி. அப்பா மீன் பிடிக்கக் கடலுக்கும் களப்புக்கும் போனவர். எங்கள் வீட்டில் கதிரையில் இருந்து சம்பளம் எடுத்த முதல் ஆள் நான். கூட்டுறவுச் சங்கக் கடையில் தட்டெழுத்து, இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்தபோது ஒரு கணினி வகுப்பு, பிறகு அதே வகுப்பில் படிப்பித்தல், சண்டை முடிந்த பிறகு கிளிநொச்சியில் இந்த அலுவலகம். என் படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான். எனக்குக் கோட் எழுத வராது. மென்பொருள் வேண்டும் என்று வருகிறவர்களோடு இருந்து கதைத்து, அவர்களுக்கு உண்மையில் என்ன தேவை என்று எழுதி, அதைச் செய்கிற பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவதே என் வேலை. எழுதி முடித்த அன்றைக்கே அது மாறத் தொடங்கும். மாறியதைத் திரும்ப எழுதுவது மிச்ச வேலை.

எனக்கு மேலே இருந்தவர் குகதாசன் சேர். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரைச் சேர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் உயரும். அவருக்குத் தணியும். வாடிக்கையாளர் எவருக்கும் ஏலாது என்று சொன்னது கிடையாது. "பாப்பம்" என்பார். அந்தப் பாப்பத்தை நம்பி எத்தனையோ பேர் எங்கள் தலையில் எத்தனையோ மாற்றங்களை ஏற்றியிருக்கிறார்கள். பிள்ளைகள் அவருக்குப் பின்னால் அவரையே 'பாப்பம்' என்று கூப்பிடுவார்கள். அது அவருக்கும் தெரியும்.

ஆனால் அந்தப் பாப்பத்துக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. மாற்றம் ஒன்று வந்தால் என்னைக் கூப்பிடுவார். தானே குசினிக்குப் போய் இரண்டு பேருக்கும் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வருவார். குடித்து முடியும் வரை வேலையைப் பற்றிக் கதையில்லை. பிறகு கேட்பார்: "இதை ஆர் கேட்டவை? இது இல்லாட்டி நாளைக்கு என்ன நடக்கும்? இது வந்தா ஆருக்குக் கரைச்சல்?" மூன்றுக்கும் பதில் இல்லாமல் அந்த மாற்றம் தினேஷின் மேசைக்குப் போகாது. பதில் இருந்தாலும், மென்பொருளைப் பாவிக்கப்போகிறவர்களை அவர்களுடைய இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும். புதுப் பதிப்பு ஓடத் தொடங்குகிற முதல் நாள் எங்களில் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். ஒரு பதிப்பு முடிவாகிவிட்டால் வாடிக்கையாளரோடு அடுத்த கூட்டம் நடக்கும் வரைக்கும் அதில் கை வைக்கக் கூடாது. இதெல்லாம் அவர் போட்ட சட்டம். அவரும் அதை மீறியதில்லை, ஒரு விஷயத்தைத் தவிர.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு நலன்புரிச் சங்கம் நடத்தினார்கள். சிறுநீரகம் பழுதான நோயாளிகளை மல்லாவிப் பக்கமிருந்து ஏற்றி, அக்கராயன், ஸ்கந்தபுரம் வழியாக நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரத்தம் சுத்திகரித்து முடிந்ததும் வீட்டில் விடுகிற வான் ஒன்று அவர்களுடையது. கிழமையில் இரண்டு நாள் ஓடியது. எல்லாரும் வயல் செய்கிற கமக்காரர்கள், கூலி வேலைக்காரர்கள். பஸ்ஸில் போய் வரலாம்தான். ஆனால் சுத்திகரிப்பு முடிந்து வருகிற மனிதரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த உடம்போடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வர ஏலாது. வானில் இடம் கிடைத்தவர் ஒழுங்காகச் சிகிச்சைக்குப் போவார். கிடைக்காதவர் ஒருநாள் போவார், ஒருநாள் விடுவார். விட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

எந்தச் சந்தியில் எவர் ஏறுவார், எவர் வரவில்லை, எவர் இடத்துக்காகக் காத்திருக்கிறார் என்பதைச் சாரதியின் போனில் காட்டுகிற சின்ன மென்பொருள் எங்களுடையது. சங்கத்தின் பக்கத்தில் வதனி என்ற பெண் இணைப்பாளராக இருந்தாள். நல்ல பிள்ளை. எப்போதும் களைத்துப் போயிருப்பாள்.

தொடங்கிய காலத்தில் வதனியிடமிருந்து ஒரே மாதிரியான மாற்றமே வரும். இந்தச் சந்தி இனித் தேவையில்லை, எடுத்துவிடுங்கள். அடுத்த கிழமை இன்னொரு சந்தி. சந்திகளை நாங்கள் மென்பொருளுக்குள் நிரந்தரமாக வைத்துவிட்டதால் ஒவ்வொரு தரமும் தினேஷ்தான் எடுக்க வேண்டும். "இவைக்குத் தங்கடை ரோட்டே தெரியாதோ?" என்று அவன் குதித்தான். நான் வதனிக்குப் போன் எடுத்து, ஏன் பிள்ளை இப்படி மாற்றுகிறாய், முதலே யோசித்துச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அந்தச் சந்தியிலை ஏறுறவர் மோசம் போயிட்டார் அக்கா. முதல் எடுக்கச் சொன்ன சந்தியும் அப்பிடித்தான்" என்றாள்.

நான் போய்ச் சேரிடம் சொன்னேன். அன்றைக்குப் பிளேன்ரீ ஊற்றவில்லை. தினேஷைக் கூப்பிட்டு, சந்தியைச் சேர்ப்பதையும் எடுப்பதையும் வதனியே செய்கிற மாதிரி மாற்றச் சொன்னார். "ஒரு சாவைச் சொல்ல அந்தப் பிள்ளை எங்களிட்டை விண்ணப்பம் போட வேண்டாம்" என்றார். தினேஷ் அதற்குப் பிறகு அந்த வானைப் பற்றி ஒருநாளும் குதிக்கவில்லை.

பிறகு வந்ததுதான் நான் சொல்ல வந்த மாற்றம். மல்லாவியில் ஒருவர் இடத்துக்காகக் காத்திருந்தே செத்துப்போனார். அதே கிழமை வானில் ஓர் இடம் வெறுமையாக ஓடியிருக்கிறது. அந்த இடத்துக்குரியவர் மகள் வீட்டில் போய் நின்றிருக்கிறார், வதனி பார்த்துப் பழகிய முகம் என்பதால் அவருடைய பெயரை வெட்ட மனமில்லாமல் விட்டிருக்கிறாள். செத்தவரின் மனைவி வந்து வதனியைக் கேட்ட கேள்வியை அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் வந்திருந்து கையைப் பிசைந்தபடி சொன்னாள்:

"அடுத்தடுத்து ரெண்டு தரம் வராட்டி இடம் தன்பாட்டிலை அடுத்த ஆளுக்குப் போகோணும் சேர். என்னைக் கேக்கக் கூடாது. நான் நினைச்சாலும் மாத்தேலாமல் இருக்கோணும். எனக்கு இந்த அதிகாரம் வேண்டாம்."

சேர் மூன்று கேள்வியையும் கேட்டார். முதல் இரண்டுக்கும் அவளே பதில். மூன்றாவதற்கு, "வராத ஆக்களின்ரை இடம்தானே சேர். ஆருக்குக் கரைச்சல்?" என்றாள். அவர் வழக்கம்போலப் பாப்பம் என்றார். அடுத்த ஓட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் வானில் ஏறினோம்.

மல்லாவியிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஏறிய ஒவ்வொருவரிடமும் சேர் கதைத்தார். என்ன கஷ்டம், என்ன மாற வேண்டும், ஏதாவது குறை இருக்கிறதா? எல்லார் வாயிலும் ஒரே பதில். "ஒரு குறையும் இல்லைத் தம்பி. இந்த வான் இல்லாட்டி நாங்கள் எங்கை?" எங்கள் சனத்தை எனக்குத் தெரியும். தேடி வந்து கேட்கிற ஆளுக்குக் குறை சொல்வது அவமரியாதை என்று நினைக்கிற சனம். கேட்டவரின் மனம் நோகுமே என்று தங்கள் நோவை விழுங்கிவிடும்.

ஸ்கந்தபுரச் சந்தியில் ஒரு மனிதர் சைக்கிளோடு நின்றார். அறுபது வயது இருக்கும். பக்கத்தில் கால் இரண்டும் வீங்கிய ஒரு பெண். "பாத்து ஏறுங்கோ தங்கச்சி" என்று அவளுடைய பையை வாங்கி வானுக்குள் வைத்துவிட்டு, சாரதிக்குக் கையைக் காட்டிவிட்டு, சைக்கிளில் ஏறி மிதித்துக்கொண்டு போனார். சொந்தக்காரர் வழியனுப்ப வந்திருக்கிறார் என்று நானும் நினைத்தேன், சேரும் நினைத்தார். "நல்ல மனுசன்" என்று சேர் சொன்னதும் ஞாபகம்.

அந்த மனிதர்தான் செல்வரத்தினம். அந்த இடம் அவருடையது. அவரும் அன்றைக்கு அதே ஆஸ்பத்திரிக்கு, அதே சிகிச்சைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார், சைக்கிளில் போய் அக்கராயன் ரோட்டில் பஸ் பிடிக்க. ஏறிய பெண் முத்தம்மா, காத்திருப்போர் வரிசையில் இருந்தவர். சாரதியின் போனில் வந்தார், வரவில்லை என்று இரண்டு பொத்தான்கள்தான் இருந்தன. செல்வரத்தினம் ஏறவில்லை. சாரதி 'வரவில்லை' என்பதை அழுத்தினார். வெறுமையான இடத்தில் முத்தம்மாவை ஏற்றிக்கொண்டார். எல்லாம் எங்கள் கண் முன்னால் ஒழுங்காக நடந்தது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியவந்தது மாரி தொடங்கிய பிறகு.

புதுச் சட்டம் ஓடத் தொடங்கியது. பரிசோதித்தோம், ஒரு பிழையும் இல்லை. வதனியின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஒருநாள் மத்தியானம், சுத்திகரிப்பு முடிந்த கையில் பிளாஸ்ரர் ஒட்டியபடி முத்தம்மா எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். வெளியே வான் நின்றது. கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. அவருடைய ஆட்கள் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து ஸ்கந்தபுரத்தில் குடியேறியவர்கள். இத்தனை வருடம் கழித்தும் அவருடைய தமிழில் மலைநாடு இருந்தது.

"மிஸ், என் பேர அழிச்சுட்டு செல்வரத்தினம் அண்ணே பேரப் போட்டுருங்க. அது அவரோட எடம். எனக்குக் கால் வீங்கிக் கெடந்தப்ப, வத்துற வரைக்கும் நீ போன்னு அவருதான் வுட்டுக் குடுத்தாரு. எங்க ரெண்டு பேரு வயலுக்கும் ஒரே வாய்க்காலு. தண்ணி மொறை வந்தா எனக்கு அவசரம்னா அவரு மொறைய நான் எடுப்பேன், அடுத்த மொறை அவருக்குக் குடுப்பேன். அப்படித்தான் இதையும் மாத்திக்கிட்டோம்."

"பிறகு ஏன் அவர் திரும்ப ஏறேல்லை?" என்று கேட்டார் சேர்.

"மூணாவது தரம் ஏற வந்தாரு சார். டிரைவர் தம்பி போனப் பாத்துட்டு, அண்ணே உங்க பேரு இல்ல, இந்த அக்கா பேருதான் இருக்குன்னுச்சு. நான் எறங்கப் போனேன். அவரு சிரிச்சாரு. ஒப்பீசிலை உங்களுக்கே தந்திட்டினம், நல்லது தானேன்னுட்டு சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் கேக்கல மிஸ். சத்தியமா நான் கேக்கல."

அவர் அழுதுவிட்டார். மழை தொடங்கியதிலிருந்து வாய்க்கால் தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது, சைக்கிள் போகாது, போன தரம் செல்வரத்தினம் சிகிச்சைக்கே வரவில்லை என்று அழுகைக்கு நடுவில் சொன்னார்.

"அவரைப் போட்டா நீங்கள் எப்பிடிப் போவியள்?"

"அது நாங்க பாத்துக்குவோம் சார். மொதல்ல அவரு போகட்டும்."

சேர் அங்கேயே வதனிக்கு எடுத்தார். அவள் பதறிப்போனாள். அவளால் மாற்ற முடியாது, மாற்ற ஏலாமல் இருக்க வேண்டும் என்று கேட்டவளே அவள்தான். மென்பொருளில் கை வைக்க வேண்டுமென்றால் சங்கத்தின் கமிட்டி கூட வேண்டும், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. "நீங்கள் போட்ட ஒழுங்குதானே சேர். கூட்டம் முடிய மட்டும் ஒண்டும் மாத்தக் கூடாதெண்டு அவை அதிலை சரியான கவனம்" என்றாள்.

சேரின் குரல் தணிந்தது. "கமிட்டியோடை நான் கதைக்கிறன் பிள்ளை. நீங்கள் போனை வையுங்கோ." பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, எழுதுங்கோ" என்றார்.

என் வேலைக் காலத்தில் நான் எழுதிய ஆகச் சின்னத் தேவை அது. சாரதியின் போனில் மூன்றாவது பொத்தான் ஒன்று வேண்டும்: விட்டுக்கொடுத்தார். அதை அழுத்தினால் இடம் அவருடையதாகவே இருக்கும், அந்த ஓட்டத்துக்கு அவர் காட்டுகிற ஆள் ஏறலாம். இவ்வளவுதான். தினேஷ் சாப்பிடப் போகாமல் இருந்து பின்னேரத்துக்குள் முடித்துத் தந்தான். செல்வரத்தினத்தின் பெயரைத் திரும்ப அவருடைய இடத்தில் போட்டோம். முத்தம்மாவுக்கு இன்னோர் இடம் கமிட்டியிடம் கேட்டு வாங்குவோம் என்று சேர் சொன்னார். செல்வரத்தினத்தைத் திரும்ப அந்த வானில் ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். நான் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரியும் நேர்ந்துவைத்தேன்.

முதல் ஓட்டத்துக்கு நான்தான் போனேன். நல்ல மழை. மல்லாவியில் ஏறியதிலிருந்து சாரதியின் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கந்தபுரத்தை நெருங்கியபோது அவருடைய பெயர் மேலே வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சந்தியில் முத்தம்மா மட்டும் குடையோடு நின்றார்.

வான் நின்றதும் கதவைத் திறந்து, "அண்ணை எங்கை?" என்று கேட்டார் சாரதி.

முத்தம்மா என்னைப் பார்த்தார். "முந்தாநாளு மிஸ். ராத்திரிப் பூரா மூச்சு வாங்கியிருக்கு. தண்ணியில வேற வண்டி வராதுன்னு டிராக்டர்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டாரு. நேத்து எடுத்துட்டாங்க."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்த மனிதரோடு நான் ஒரு வார்த்தைகூடக் கதைத்ததில்லை. அவர் ஒரு பையைத் தூக்கி வைத்ததை மட்டும் பார்த்திருக்கிறேன். அவர் ஒருதரம், ஒரேயொரு தரம், இது என்ரை இடம் என்று சாரதியிடமோ வதனியிடமோ சண்டை பிடித்திருக்கலாமே என்று அவர் மேலே எனக்குக் கோபம்கூட வந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கத் தெரியாத மனிதர்.

ஆஸ்பத்திரிக்கு நேரம் போகிறது. சாரதி முகத்தைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். பொத்தானை அழுத்தாமல் அந்தப் பெயர் திரையை விட்டுப் போகாது.

"மிஸ், வரேல்லை எண்டு போடட்டோ?"

நான் தலையாட்டப் போனேன். வேறு என்ன போடுவது? இரண்டு தரம் அப்படிப் போட்டால் இடம் அடுத்தவருக்கு, அதாவது முத்தம்மாவுக்கே, நிரந்தரமாகப் போய்விடும். அதுதான் சரி. அதற்குள் முத்தம்மா குடையை மடக்கிப் படியில் கால் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"போடாதீங்க தம்பி. அவரு வராம இல்ல. எனக்குக் குடுத்துட்டுப் போயிருக்காரு."

சாரதி என்னைப் பார்த்தார். அவர் மூன்றாவது பொத்தானை அழுத்தினார்.

பின்னேரம் அலுவலகத்துக்கு வந்து சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒழுங்கில் பிழையான பதிவை அன்றைக்கே திருத்த வேண்டும். வதனியும் எடுத்து அதைத்தான் கேட்டாள். செத்தவரின் பெயரை எடுத்துவிட்டு, முத்தம்மாவின் பெயரை அந்த இடத்தில் போடச் சொன்னாள். மற்றவர்களுடைய இடம் ஒன்றும் இதால் குறையப்போவதில்லை, பதிவு மட்டும் ஒழுங்காக இருக்கும் என்றாள். அவள் கேட்டதில் ஒரு தவறும் இல்லை.

"அந்த அம்மா கேட்டவவோ?" என்றார் சேர்.

"இல்லை சேர். அவா வேண்டாமெண்டு சொல்லுறா. ஆனா பதிவு..."

"ஏலாது பிள்ளை."

அந்தச் சொல்லை அவர் ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். மறுமுனையில் வதனிக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். அவள் அழுவது எனக்குக் கேட்டது.

அடுத்த ஓட்டத்திலும் நானே போனேன், எவரும் போகச் சொல்லவில்லை. மழை விட்டிருந்தது. ஸ்கந்தபுரச் சந்தியில் சாரதியின் போனில் செல்வரத்தினம் என்று வந்தது. முத்தம்மா ஏறி, அவருடைய இடத்தில் இருந்தார்.